குணமானவர் எங்கே போவார்?

தமிழக அரசின் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில் மறுவாழ்வு நிதி என்று ஒன்று நெடுங்காலமாக உண்டு. கள்ளச்சாராய வழக்கில் சிக்கி, பிறகு மனம் திருந்தியவர்கள் என்று ஏற்கப்பட்டவர்கள் கறவை மாடு வாங்கவோ பெட்டிக்கடை வைக்கவோ அரசு கொடுக்கும் பணம் அது. ஆட்சியர் கையால் அதை வாங்கும் படங்கள் மாவட்டச் செய்திகளில் இன்றும் வருகின்றன. விற்றவருக்கு வேறு பிழைப்பு இல்லையென்றால் மறுபடியும் ஊறல் போடத்தான் போவார் என்கிற எளிய கணக்கு அந்தத் துறைக்கு விளங்கியிருந்தது. குடித்தவருக்கும், மனநோயிலிருந்து தெளிந்தவருக்கும் அதே கணக்கு பொருந்தும் என்பது கோப்புகளில் ஏறத்தான் வெகுகாலம் பிடித்தது. இப்போது சுகாதாரத் துறை 'மீட்பு' என்ற சொல்லைத் தன் திட்டங்களின் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஆதரவற்ற மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள், 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்கள் என்று வரிசையாக வந்திருக்கின்றன. இவற்றைப் புதுமை என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு, வெறும் பெயர்மாற்றம் என்று தள்ளுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அரைகுறைப் பார்வை என்பது என் எண்ணம். மீட்பு என்னும் வேலை தமிழ் மண்ணில் ஏற்கெனவே சில தடவை செய்து பார்க்கப்பட்டு, பலன் தெரிந்த வேலை. ஒவ்வொரு தடவையும் அது நடந்தது அரசு இயந்திரத்தின் ஓரத்தில், அல்லது அதற்கு வெளியே. அங்கிருந்து அரசு பெயரையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. படுக்கையைவிட்டு எழுந்து போனவரைப் பின்தொடரும் வேலையை இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று முதல் விடுதி 1794-ல் தொடங்கியது. தொடங்கியவர் வாலண்டைன் கனோலி என்ற கம்பெனி மருத்துவர். 16 பேரை வைத்துப் பார்க்கும் சிறிய இடம்தான். அதற்குக் கம்பெனி பணம் கொடுத்தது, கனோலி லாபம் பார்த்தார், பிறகு குத்தகையைக் கைமாற்றிவிட்டுப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே இடம் டால்டன் என்ற மருத்துவரின் பெயரால் 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று வழங்கியது. ஒருவர் எத்தனை நாள் உள்ளே இருக்கிறாரோ அத்தனைக்கு வருமானம் என்ற ஏற்பாட்டில், அவர் வெளியே போவதில் யாருக்கு என்ன அக்கறை இருந்திருக்கும்? 1871-ல் கீழ்ப்பாக்கத்தில், லோகாக் தோட்டம் என்ற பரந்த இடத்தில், 145 பேரோடு அரசின் மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. தனியார் லாபம் போனது, மதில் மட்டும் உயர்ந்தது. 1912-ன் இந்தியப் பைத்தியச் சட்டம் உள்ளே அனுப்பும் அதிகாரத்தைப் போலீஸ் கையிலும் மாஜிஸ்திரேட் கையிலும் வைத்தது. நோயாளி கைதியைப் போலவே உத்தரவோடு வந்தார், உத்தரவு இல்லாமல் போக முடியாது. 1922-ல் காப்பகம் என்ற பெயர் போய் அரசு மனநல மருத்துவமனை ஆனது. பெயர் மாறியதை ஊர் கண்டுகொள்ளவில்லை. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒற்றைச் சொல்லே ஏச்சாகித் தெருவிலும் சினிமா நகைச்சுவையிலும் இன்றுவரை புழங்குகிறது. அங்கே போனவர் திரும்பி வருவதில்லை என்ற அனுபவம்தான் அந்த ஏச்சுக்கு அடியில் இருக்கிறது. ஊரார் அறியாமையில் சொன்னதாக அதைத் தள்ள முடியாது.

திரும்பி வர வைக்க முதலில் முனைந்தவர் அந்த மருத்துவமனைக்கு உள்ளேயே இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961-ல் கண்காணிப்பாளர் பொறுப்பேற்று 1978 வரை அங்கே இருந்தார். அவர் காலத்தில்தான் புறநோயாளிப் பிரிவு வலுப்பெற்றது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல், சாதாரண ஆஸ்பத்திரிக்குப் போவது போல வந்து மருந்து வாங்கிப் போகலாம் என்றானது சிறிய மாற்றமில்லை. அடுத்து அவர் செய்தது தொழிற்கூடம். தையல், நெசவு, புத்தகம் கட்டுதல், ரொட்டி சுடுதல் என்று நோயாளிகள் கைவேலை கற்றார்கள், கொஞ்சம் காசும் பார்த்தார்கள். குளோர்புரோமசின் போன்ற புதிய மாத்திரைகள் அப்போது வந்துவிட்டிருந்தன. அவற்றால் மனக்குரல்கள் அடங்கின, வெறி தணிந்தது. அதற்குப் பிறகு பகல் பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு மாத்திரையில் பதில் கிடையாது. தொழிற்கூடம் அதற்கான பதில். ஆனாலும் அந்தப் பதில் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே ரொட்டி சுடத் தெரிந்தவருக்கு வெளியே எந்த ரொட்டிக்கடையும் கதவு திறக்கவில்லை. ஓய்வுபெற்ற சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, அரசு மருத்துவமனைக்கு வெளியே மறுவாழ்வு வேலையைத் தொடர வேண்டியிருந்தது இதற்குச் சாட்சி.

கீழ்ப்பாக்கத்துக்கு நேரெதிரான ஒரு வழியை வேலூர் காட்டியது. சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் பாகாயத்தில் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தில் ஒருவராவது வந்து தங்க வேண்டும் என்று விதித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், உறவினர்களைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்துக்கொண்டிருந்தார். ஆள் பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடு என்று சிலர் இதை எளிதாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் விளைவு வேறு மாதிரி இருந்தது. தாயோ மனைவியோ தம்பியோ கூடவே இருந்து, மாத்திரை எந்த வேளைக்கு, தூக்கம் குறைந்தால் என்ன அறிகுறி, கோபம் வந்தால் எப்படி ஒதுங்குவது என்று கற்றுக்கொண்டு போனார்கள். நோயாளி குணமாகும்போது வீடும் அவருக்காகத் தயாராகியிருந்தது. இந்த வழியின் குறை என்னவென்றால், வீடு இல்லாதவருக்கு அதில் இடமில்லை. அந்தக் குறைக்குப் பிறகு வருகிறேன்.

குடி விஷயத்தில் அரசின் கதை இன்னும் கோணலானது. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அன்றைய முயற்சியில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. கடையை மூடினால் மட்டும் போதாது, மாலைப் பொழுதுக்கு மாற்று வேண்டும் என்று யோசித்து, தேநீர்க்கடை, விளையாட்டு, பஜனை, சிறுசேமிப்பு என்று சில ஏற்பாடுகளும் கூடவே செய்யப்பட்டன. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு உலகப் போர்க் காலத்தில் நிறுத்தப்பட்டு, 1948-ல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. மரமேறிகளுக்குப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. ஆனால் குடியை விட முடியாமல் கை நடுங்கியவருக்கு அந்த முழுக் காலத்திலும் சிறையோ அபராதமோதான். வசதி உள்ளவர் மருத்துவச் சான்று காட்டி 'பெர்மிட்' வாங்கிக் குடித்தார். ஒரே பழக்கம் ஏழைக்குக் குற்றமாகவும் பணக்காரருக்கு உடல்நலத் தேவையாகவும் பதிவானது! 1971-ல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-ல் மறுபடி கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு விலக்கியது. 1983-ல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்காக உருவானது, 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் வசமாயின. கடை திறந்த அரசுகளும் சரி, மூடிய அரசுகளும் சரி, குடிநோய்க்கென்று ஒரு வார்டு கட்ட வேண்டும் என்று அவசரப்படவில்லை.

அந்த இடைவெளியில் தனியார் முயற்சிதான் முதலில் நுழைந்தது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையின் பணியைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக் கேடாகப் பார்த்த ஊரில், அதை நோயாகக் கருதி, மனைவியையும் அழைத்து உட்காரவைத்துப் பேசிய இடம் அது. என் பார்வையில் அந்த நிறுவனத்தின் பெரிய பங்களிப்பு சென்னையில் இல்லை, மஞ்சக்குடியில் இருக்கிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள அந்தக் கிராமத்தில் 1989-ல் குடிநோய் சிகிச்சை முகாம் ஒன்று நடந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் ஊருக்குள்ளேயே தங்கவைத்துச் செய்யும் சிகிச்சை. யாரைச் சேர்ப்பது என்பதில் உள்ளூர்க்காரர்களுக்குப் பங்கு உண்டு. இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் வெளியிலிருந்து வந்து தங்குவார்கள். முதல் சில நாள் நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து, அதன் பின் பேச்சு, குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம். முகாம் முடிந்த பின்னும் அதே குழு அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து, போனவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கும். இந்தக் கடைசிப் பகுதியில்தான் சூட்சுமம். குடியை நிறுத்துவது பத்து நாள் வேலை, நிறுத்திய பின் சம்பள நாளையும் தீபாவளியையும் மச்சான் கல்யாணத்தையும் தாண்டுவதற்கு வருடங்கள் வேண்டும். ஊரே பார்க்கக் குடியை விட்டவரை ஊரே தாங்கவும் செய்யும், கண்காணிக்கவும் செய்யும். வெளியூர் இல்லத்தில் அடைபட்டுத் திரும்பியவருக்கு அது கிடைக்காது.

இவ்வளவும் தெரிந்த நாட்டில்தான் ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா அருகே ஒரு தனியார் மனநோயாளிகள் இல்லத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநல இல்லங்கள் உரிமம் பெற வேண்டும் என்று சொன்ன 1987-ன் சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தீக்குப் பிறகு அரசு அங்கிருந்த இல்லங்களை மூடி, ஐநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. அப்போது எழுந்த பொதுக்குரல் எளிமையானது: மூடநம்பிக்கைதான் கொன்றது, கோயிலையும் தர்காவையும் நம்பிப் போவதைத் தடுத்தால் சரியாகும். இதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மறு ஆண்டே பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தமிழகத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை அளந்து பார்த்த ஆய்வு அது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், குடும்பத்தில் ஒருவர் கூடவே இருந்தார், கோயில் வேலைகளில் சிறிதளவு கைகொடுத்தார்கள், தனிச் சடங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கோயிலே போதும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அது காட்டிய சேர்மானத்தைக் கவனியுங்கள். கூட ஓர் உறவு, கைக்கு ஒரு வேலை, விரட்டாத ஓர் இடம். பாகாயத்திலும் சாரதா மேனனின் தொழிற்கூடத்திலும் மஞ்சக்குடியிலும் இருந்தவை இவையேதான். ஏர்வாடி இல்லத்தில் இருந்த சங்கிலி, உறவு கைவிட்ட இடத்தைக் காசாக்கிய வியாபாரம். அரசுக்கும் இது பின்னர் புரிந்தது. ஏர்வாடியிலும், திருச்சி அருகே ஒரு மண்டலம் தங்கும் வழக்கமுள்ள குணசீலம் கோயிலிலும் வழிபாட்டோடு மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது. பகுத்தறிவு பேசும் அரசியல் மரபு கொண்ட ஒரு மாநிலம் இப்படி இறங்கி வந்ததை நான் விவேகம் என்றே சொல்வேன்.

ஏர்வாடிக்குப் பிந்தைய இருபதாண்டுகளில் அரசின் நடை மெல்ல மாறியது. 1990-களின் இறுதியில் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. நாடாளுமன்றம் இயற்றிய 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பம் இல்லை என்பதற்காகவோ குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. தெருவில் திரியும் மனநோயாளிகளை மீட்டு, தெளியவைத்து, வீடு சேர்க்கும் வேலையை 1993 முதல் 'தி பேனியன்' அமைப்பு சென்னையில் செய்துவந்தது. அந்த அனுபவத்தின் மேல் 2018 வாக்கில் அரசின் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் எழுந்தன. 2019-ல் மாநிலத்துக்கென்று மனநலக் கொள்கை வந்தது, 2022-ல் 14416 என்ற தொலைபேசிச் சேவை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் வந்தது, 2025-ல் 25 இடங்களில் கலங்கரை மையங்கள் வந்தன. குடிநோயாளிக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே தனி இடம் கிடைப்பது சாதாரணக் காரியமில்லை. தனியார் 'மறுவாழ்வு இல்லங்கள்' சிலவற்றில் அடித்துத் திருத்துவதே சிகிச்சையாக இருந்ததையும், அதில் உயிர் போனதையும் செய்தி படிப்பவர்கள் அறிவார்கள். 2023 பிப்ரவரியில்கூட விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஏர்வாடி முடிந்த கதை என்று நினைத்தவர்களுக்கு அது பதில். அரசு இடம் தராத வரை இத்தகைய இடங்களுக்கு ஆள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது எல்லோர் வாயிலும் இருப்பது: சாராயம் விற்கும் அரசு மீட்பு பேசலாமா? டாஸ்மாக் வழியே வந்த வருவாய் 2003-04-ல் 3,639 கோடி ரூபாய், 2024-25-ல் 48,344 கோடி. விலையேற்றத்தையும் வரி உயர்வையும் கழித்துப் பார்த்தாலும் இது வாயடைக்க வைக்கும் தொகை. எனவே மதுவிலக்கே மீட்பு என்கிறார்கள். வரலாறு இந்த முடிவுக்குத் துணை நிற்கவில்லை. 1948 முதல் 1971 வரை நீண்ட மதுவிலக்கு இருந்தது, அந்தக் காலம் ஒரு குடிநோய் வார்டைக்கூட மரபாக விட்டுச்செல்லவில்லை. கடை திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கடைச் சரக்கின் விலை எட்டாதவர்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள். அப்போதும் அரசின் உடனடிப் பதில் நிவாரணத் தொகையும் கடுமையான தண்டனைச் சட்டமும்தான். ஆகவே கடையை மூடு, திற என்ற வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். அந்த 48,344 கோடியிலிருந்து சிகிச்சைக்கும் பின்தொடர்தலுக்கும் சட்டப்படி ஒரு நிலையான பங்கு ஒதுக்கும்படி கேட்பது எந்தக் கட்சிக்கும் சங்கடம் தராத கோரிக்கை. அதைக் கேட்பவர்கள் குறைவாக இருப்பதுதான் வியப்பு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. மீட்பு, சமூகம், குடும்பம் என்று பேசுவதெல்லாம் கடைசியில் சுமையை ஒரு பெண்ணின் தலையில் இறக்குவதில்தான் முடியும் என்கிறார்கள். மருந்து கொடுப்பவள் மனைவி, குடித்த கணவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியவளும் அவளே. நோய் அவளுக்கே வந்தாலோ, கீழ்ப்பாக்கத்தில் விட்டுவிட்டு முகவரியை மாற்றிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. வேலூர் வழியின் குறை என்று முன்பு சொன்னது இதுதான். இந்த மறுப்பை நான் முழுதாகத் தள்ளவில்லை. குடும்பத்தை மட்டும் நம்பும் மீட்பு, குடும்பம் இல்லாதவரைக் கைவிடும். ஆனால் இதற்கு மாற்று மதிலுக்குள் ஆயுள் கழிப்பது என்றாகாது. 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் பேனியன் செய்ததைப் பாருங்கள். நீண்டகாலம் விடுதியில் கிடந்த பெண்கள் நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறார்கள், துணைக்கு ஓர் உதவியாளர் இருக்கிறார், சமையலும் கடைத்தெருவும் அவர்கள் பொறுப்பு. பக்கத்து வீட்டாரின் முணுமுணுப்பைச் சமாளிப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான். வாடகை, சம்பளம், மளிகை என்று மாதம் தவறாமல் செலவு வரும். திறப்புவிழாவுக்கு உதவாத செலவு என்பதுதான் அதன் பலவீனம். கல்வெட்டு வைக்கக் கட்டடம் இல்லாத திட்டத்துக்கு நிதி கேட்பது எந்த ஆட்சியிலும் கடினம்.

சட்டமன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் வைக்கப்படும் சுகாதாரத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை மையம், எத்தனை படுக்கை, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்ற எண்கள்தான் முன்னே நிற்கும். இந்தக் கணக்கில் ஒரே ஆள் நான்கு முறை குடித்து விழுந்து நான்கு முறை சேர்ந்தால் நான்கு பயனாளி ஆகிவிடுவார். கலங்கரை மையங்களுக்கும் மீட்பு மையங்களுக்கும் இன்னொரு பத்தியைச் சேர்க்க வேண்டும்: வெளியே அனுப்பப்பட்டவர்களில் ஓராண்டுக்குப் பிறகும் தொடர்பில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களில் குடியிருக்க இடமும் செய்ய வேலையும் உள்ளவர் எத்தனை பேர். அந்த எண்ணைச் சேகரிக்க ஒவ்வொரு மையத்திலும் ஊர் ஊராகப் போகும் ஆட்களை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டியிருக்கும், ஒப்பந்தச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறும் ஏற்பாடு இதற்குச் சரிப்படாது. அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்கள் தொகுதி உறுப்பினர் பேசப்போகும் முன் இந்தக் கேள்வியை அவருக்கு எழுதி அனுப்புங்கள்.